பச்சையாக எரிந்த போர்ட் இப்போது செம்மஞ்சள்: பெட்டி பழுதா?

கேள்வி, ஒக்டோபர் 11, காலை 9.20

திருகோணமலை உப்புவெளியில் ஒரு விடுதியில் கணக்கு பார்க்கிறேன். நெட்வேர்க் என்னுடைய வேலை இல்லை, ஆனால் பார்க்க வேறு ஆளும் இல்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில், இணையத்துக்கும் எங்கள் நெட்வேர்க்குக்கும் நடுவில் காவல் நிற்கும் ஃபயர்வோல் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறது. வியாழன் இரவு இடிமின்னலோடு கரண்ட் போய் வந்தது. அன்றிலிருந்து இணையம் மந்தம். வான்1 (WAN1) என்று எழுதியிருக்கும் போர்ட்டில், அதாவது கேபிள் மாட்டும் ஓட்டையில், முன்பு இரண்டு பக்கமும் பச்சை எரியும். இப்போது ஒரு பக்கம் செம்மஞ்சள். பெட்டியை விற்றவர்களுக்கு அழைத்தால், "லைட் எரியுதுதானே, அப்ப பிரச்சினை இல்லை" என்கிறார்கள். பக்கத்தில் ஊசி போகிற அளவுக்கு ஓர் ஓட்டை, ரீசெட் என்று போட்டிருக்கிறது. அழுத்திப் பார்க்கட்டுமா? முதலாளி இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

பதில், ஒக்டோபர் 11, இரவு 10.05

அந்த ஓட்டைக்குள் ஊசியை விடாதீர்கள். மற்றது எல்லாம் பிறகு.

ரீசெட் என்றால் நிறுத்தித் தொடங்குவது என்று நினைத்து அழுத்திய இடங்களுக்கு நான் பல தடவை போயிருக்கிறேன். இணைய நிறுவனம் தந்த பயனர் பெயர், கடவுச்சொல், விருந்தினர் வைஃபை ஒரு பக்கம் கார்ட் மெஷின் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்தது, எல்லாம் ஒரே அழுத்தில் போய்விடும். பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் உண்டு. சிலதில் சில வினாடி பிடித்தாலே துடைபடும். சிலதில் பெட்டி எழும்பும் முதல் நிமிடத்துக்குள் அழுத்தினால்தான் வேலை செய்யும். சொனிக்வோல் நிறுவனப் பெட்டியில் பிடித்துக்கொண்டிருந்தால் சேஃப் மோடு என்ற பாதுகாப்பு நிலைக்குப் போகும், உள்ளே இருப்பது அழியாது. உங்களுடையது எது என்று தெரியாமல் தொட வேண்டாம்.

செம்மஞ்சள் என்றால் போர்ட்டில் பிழை. மின்னலுக்குப் பிறகு என்றால் போர்ட் அடிபட்டிருக்கும்.

ஒக்டோபர் 12, காலை 6.40

நேற்று கடைசியாக எழுதிய இரண்டு வரியையும் திரும்ப வாங்குகிறேன். படுத்த பிறகும் மனது அதிலேயே இருந்தது. வான்1 இல் மற்ற லைட் பச்சையாகத்தான் எரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் போர்ட் சாகவில்லை.

ஒரு போர்ட்டுக்கு இரண்டு சின்ன லைட். ஒன்று இணைப்பு: மறுமுனையில் உயிருள்ள சாதனம் ஒன்று இருக்கிறது என்றால் எரியும், தரவு போய் வரும்போது சிமிட்டும். மற்றது வேகம். பல சிறிய பெட்டிகளில், ஃபோர்ட்டிகேட் 60 வரிசை மாதிரி, வேக லைட் பச்சை என்றால் 1000 மெகாபிட், செம்மஞ்சள் என்றால் 100, அணைந்திருந்தால் 10. ஆகவே உங்கள் போர்ட் சொல்வது "நான் 100இல் ஓடுகிறேன்" என்பதுதான். அது பழுது என்பதற்கான அடையாளம் அல்ல.

ஆனால் எல்லாப் பெட்டிக்கும் இதே கணக்கு என்று எடுக்க வேண்டாம். வேறு நிறுவனத்தில் 100க்குப் பச்சையும் 1000க்குச் செம்மஞ்சளும் வைத்திருப்பார்கள். சிஸ்கோவின் சில ரவுட்டர்களில் நிறமே மாறாது. லைட் சிமிட்டுவதை எண்ண வேண்டும்: ஒரு தரம் என்றால் 10, இரண்டு தரம் 100, மூன்று தரம் 1000. முதல் முறை பார்த்தபோது லைட் பழுதாகிச் சிமிட்டுகிறது என்று நினைத்து கேபிளை மாற்றிப் பாதி நாள் போனது. பெட்டியின் அடியில் மொடல் இலக்கம் இருக்கும். அதை வைத்துத் தேடினால் இரண்டு பக்கக் கையேடு கிடைக்கும், அதில் லைட்டுக்கென்று ஓர் அட்டவணை இருக்கும். அதை எடுத்து அச்சடித்துப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

ஒக்டோபர் 12, காலை 7.15

இன்னொன்று. விற்றவர்கள் சொன்ன "லைட் எரியுதுதானே" என்பதைக் கேட்டு நெஞ்சு எரிகிறது. முன்பு 1000இல் ஓடியது இப்போது 100இல் ஓடுகிறது என்றால் இடையில் ஒன்று நடந்திருக்கிறது. என்ன என்று தேட வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் இணையப் பொதி 100 மெகாபிட்டுக்கு மேற்பட்டதா என்று பில்லில் பார்த்துச் சொல்லுங்கள். 100க்குக் கீழே என்றால் இந்தச் செம்மஞ்சளால் உங்களுக்கு மந்தம் வராது, வேறு காரணம் தேட வேண்டும்.

ஒக்டோபர் 12, இரவு 9.30

பொதி 300 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் செம்மஞ்சள்தான் காரணம், அல்லது காரணங்களில் ஒன்று.

ஏன் 1000 இறங்கி 100 ஆகும் என்று கேட்டவருக்கு: கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு சோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும், கேபிள் நுனியில் இருக்கும் கிளிப்பின் 1, 2, 3, 6 ஆம் தகடுகள். 1000க்கு நான்கு சோடியும் வேண்டும். செப்பு வயரில் 1000 ஓட்டுவதற்கான தரம் 1999இல் வந்தது, அன்றிலிருந்து இதே கதை. 4, 5, 7, 8இல் ஒன்று தொடர்பு விட்டாலும், பல சாதனங்கள் இணைப்பை விட்டுவிடாமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். இணையம் வரும், லைட் எரியும். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. முழுதாக அறுந்திருந்தால் அன்றே ஆள் கூப்பிட்டிருப்பீர்கள்.

எங்கள் ஊரில் இது உப்பினால் வரும். டச்சு பே பக்கம் ஒரு தங்குமிடத்தில், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேர் கீழே பெட்டியை வைத்திருந்தார்கள். வாடைக் காற்று தொடங்கினால் அந்த ஜன்னல் கம்பியைத் தொட்ட கையில் உப்பு ஒட்டும். கேபிளைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தேன். கிளிப்பின் எட்டுத் தகட்டில் ஆறு பொன் நிறமாக இருந்தன. கடைசி இரண்டிலும் பாசி மாதிரி பச்சைப் பொருக்கு. நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. 7உம் 8உம், மண்ணிறச் சோடி. அதனால்தான் 100 ஓடியது, 1000 ஓடவில்லை. கிளிப்பை வெட்டி எறிந்து, புதிய கிளிப்பில் வயர்களை வரிசையாக வைத்து அழுத்திக் கிரிம்ப் பண்ணினேன்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். மாட்டியவுடன் லைட் பச்சைக்கு மாறியது. பெட்டியின் போர்ட்டுக்குள்ளும் அதே பொருக்கு கொஞ்சம் இருந்தது. கரண்டை நிறுத்தி, ஐசோபுரோப்பைல் அற்ககோலில் மெல்லிய தூரிகையைத் தொட்டுத் துடைத்தேன். பெட்டியை உள் அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் விடுதியும் கடற்கரையில்தான். வான்1இல் இருந்து போகிற கேபிளின் இரண்டு முனையையும் கழற்றிப் பாருங்கள்.

ஒக்டோபர் 13, பகல் 1.10

ஒரே நேரத்தில் இரண்டை மாற்ற வேண்டாம். கேபிளை மாற்றினால் கேபிளை மட்டும். லைட்டைப் பாருங்கள், எழுதி வையுங்கள், பிறகு அடுத்தது.

ஒக்டோபர் 13, இரவு 8.50

போர்ட்டின் பெயர்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், அவர் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை. சரி.

வான் என்பது வெளியே, இணைய நிறுவனத்தின் பக்கம். வான்2 இரண்டாவது இணைப்புக்கு, ஒன்று விழுந்தால் மற்றது எடுக்கும். லான், இன்டர்னல், அல்லது வெறும் எண்கள்: உள்ளே. சொனிக்வோலில் பெயரே இல்லை, எக்ஸ்0 உள்ளே, எக்ஸ்1 வெளியே. தெரியாதவர் முதல் எண் என்று எக்ஸ்0இல் இணையத்தைக் குத்திவிட்டு ஒரு நாள் இருப்பார். டிஎம்செட் என்பது வெளியில் இருந்தும் ஆட்கள் வந்து பார்க்க வேண்டிய சேர்வர் கணினிக்கான தனி அறை. விறாந்தை மாதிரி, வந்தவர் அங்கே இருந்து பேசிவிட்டுப் போகலாம், வீட்டுக்குள் வர முடியாது. கமரா பதிவுப் பெட்டியை வெளியில் இருந்து பார்க்க வேண்டும் என்றால் அதை அங்கேதான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. எச்ஏ என்பது இரண்டு பெட்டியைச் சோடியாக ஓட்டுவதற்கு.

அப்புறம் கொன்சோல். இதைப் பற்றி நீளமாக எழுத எனக்குக் காரணம் இருக்கிறது.

கிண்ணியாவில் ஒரு கந்தோர். காலையில் அழைப்பு: "ஒன்றும் வேலை செய்யவில்லை, பெட்டி செத்துவிட்டது." 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அங்கே போய்வருவது ஒரு வேலையே இல்லை. அதற்கு முன் ஆட்களை ஏற்றி இறக்கும் படகுப் பாதைக்குக் காத்திருந்து கடந்த காலமும் எனக்குத் தெரியும். போனேன். பவர் லைட் பச்சை, ஸ்டேட்டஸ் பச்சை, லான் போர்ட் ஒன்றிலும் லைட் இல்லை. தூசி தட்டியவர் கேபிளைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது கொன்சோலுக்குள் மாட்டியிருக்கிறார். ஓட்டை நெட்வேர்க் கேபிள் மாட்டும் அதே ஆர்ஜே45 வடிவம், கிளிப் "டிக்" என்று அழகாகப் பூட்டும். ஆனால் அது நெட்வேர்க் போர்ட்டே இல்லை. லப்டொப்பை நேராக இணைத்து, எழுத்துத் திரையில் பெட்டியோடு பேசுகிற வழி. அதற்கென்று வெளிர் நீலத் தட்டைக் கேபிள் ஒன்று பெட்டியோடு வரும், எறிந்துவிடாதீர்கள். லப்டொப்பில் பேசும் வேகமும் சரியாகக் கொடுக்க வேண்டும்: சிஸ்கோ, ஃபோர்ட்டிகேட்டில் 9600, சொனிக்வோலில் 115200. பிழையாகக் கொடுத்தால் திரையில் குப்பை எழுத்து வரும், அதைப் பார்த்துப் பெட்டி பழுது என்று முடிவு கட்டியவர்களும் உண்டு.

அந்தத் தூசி தட்டியவரில் எந்தக் குற்றமும் இல்லை. கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருந்தால் அவர் சரியாக மாட்டியிருப்பார். அவரை எல்லாருக்கும் முன்னால் ஏசினார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒக்டோபர் 14, காலை 6.15

பவர் லைட்டையும் ஸ்டேட்டஸ் லைட்டையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு. பவர் பச்சை என்றால் அடப்டரில் இருந்து கரண்ட் வருகிறது, அவ்வளவுதான். உள்ளே மென்பொருள் எழும்பியதா என்பதை ஸ்டேட்டஸ் சொல்லும். எழும்பும்வரை சிமிட்டும், பிறகு நிலையாக எரியும். சில நிமிடம் எடுக்கும். அதற்குள் பொறுமை போய் வயரைப் பிடுங்கித் திரும்பக் குத்தினால் பெட்டி மறுபடி முதலில் இருந்து தொடங்கும். பெட்டி தன் சேமிப்பில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று தரம் கரண்ட் போனால் அந்தச் சேமிப்பே கெட்டுப்போகலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது இதே காரணத்தால் நான் பார்த்த பெட்டிகளில் சில மீளவே இல்லை. லைட் சிமிட்டிக்கொண்டே இருக்கும், நிலைக்காது. ஒரு சின்ன யூபிஎஸ் இருந்திருந்தால் அவை இன்றும் ஓடியிருக்கும். கணினிக்கு யூபிஎஸ் வாங்குகிறவர்கள் இந்தப் பெட்டியை ஏன் நேராகச் சுவரில் குத்துகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒக்டோபர் 14, இரவு 11.00

கேபிளின் இரண்டு முனையும் சுத்தம், பொன் நிறம், பொருக்கே இல்லை என்று படம் போட்டிருக்கிறீர்கள். புதுக் கேபிள் மாட்டியும் செம்மஞ்சள்தான். சரி, உப்பு இல்லை. என் கையில் இருந்த கதையை உங்கள் பெட்டிக்குப் பொருத்திப் பார்த்தேன், பொருந்தவில்லை.

மறுமுனைக்குப் போவோம். வேகம் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு முடிவாகிற விஷயம். ஒரு பக்கத்துக்கு 100க்கு மேல் முடியாது என்றால் மற்றப் பக்கம் எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தும் பயன் இல்லை. வான்1 கேபிளின் மறுமுனையில், மேல் மாடியில் இருக்கும் இணைய நிறுவனத்தின் ஃபைபர் பெட்டியைப் படம் எடுத்துப் போடுங்கள், பின்பக்கம், கேபிள் மாட்டியபடியே.

அதைப் படம் எடுக்கும்போது ஒரு கவனம். அதில் எல்ஓஎஸ் என்ற லைட் அணைந்திருக்க வேண்டும். சிவப்பாகச் சிமிட்டினால் ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை. பிஓஎன் (PON) என்ற லைட் நிலையாக எரிய வேண்டும். ஃபைபர் நுனியைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒளி வருகிறதா என்று பார்க்கிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. பார்க்கவே கூடாது. அங்கே வருவது 1490 நனோமீற்றர், போவது 1310. இரண்டும் மனிதக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஒன்றும் தெரியாததால் ஃபைபர் செத்தது என்றும் சொல்ல முடியாது, தெரியாததால் கண்ணுக்கு ஆபத்தில்லை என்றும் சொல்ல முடியாது. ஃபயர்வோலில் ஃபைபர் மாட்டுகிற எஸ்எஃப்பி என்ற சதுர ஓட்டை இருந்தால் அதற்கும் இதே எச்சரிக்கை.

ஒக்டோபர் 15, காலை 7.30

உவர்மலையில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: அவருடைய வகுப்பு நிலையத்தில் எல்லா லைட்டும் ஒரே வேகத்தில் படபடவென்று துடிக்கிறது, ஒருவருக்கும் இணையம் இல்லை. உப்புவெளிப் படம் வரும்வரை இதற்குச் சொல்கிறேன். தம்பி, எங்கேயோ ஒரு கேபிளின் இரண்டு முனையும், பல கேபிளைச் சேர்க்கும் நெட்வேர்க் சுவிச்சு ஒன்றிலேயே போயிருக்கிறது. வெறுமனே தொங்கிய முனையைப் பார்த்து யாரோ நல்ல எண்ணத்தோடு குத்தியிருப்பார்கள். மலிவான சுவிச்சு அதைக் கண்டுபிடித்து நிறுத்தாது. ஒரே செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகும். ஒவ்வொரு கேபிளாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் துடிப்பு அடங்குகிறதோ அதுதான்.

ஒக்டோபர் 15, பகல் 12.25

உவர்மலைத் தம்பி கண்டுபிடித்துவிட்டார். மேசைக்கு அடியில் சுவர் சொக்கெட் இரண்டையும் இணைத்து ஒரு மஞ்சள் கேபிள். சந்தோஷம்.

ஒக்டோபர் 15, இரவு 9.45

படம் பார்த்தேன். ஃபைபர் பெட்டியின் பின்பக்கத்தில் நான்கு லான் ஓட்டை. முதலாவதில் மட்டும் ஜிஈ என்று அச்சடித்திருக்கிறது, மற்ற மூன்றிலும் எஃப்ஈ. உங்கள் கேபிள் இரண்டாவதில் இருக்கிறது.

எஃப்ஈ என்றால் 100 மெகாபிட், அதற்கு மேல் போகாது. ஜிஈதான் 1000. இந்த மாதிரி ஒன்றும் மூன்றுமாகச் செய்த பெட்டிகள் நிறைய வீடுகளில் இருக்கின்றன. பார்வைக்கு நான்கும் ஒன்று. மின்னல், உப்பு, பழுதான போர்ட் என்று நான் சுற்றிய எதுவும் இல்லை. வியாழன் இரவு யாராவது அந்தப் பெட்டியை நகர்த்தினார்களா என்று விசாரியுங்கள். யாரையும் ஏச வேண்டாம். கேபிளை முதலாவது ஓட்டைக்கு மாற்றிவிட்டு, வான்1ஐப் பார்த்து எழுதுங்கள். இணைய நிறுவனம் இரண்டாவது ஓட்டையைத் தொலைக்காட்சிக்கு என்று ஒதுக்கியிருக்கவும் கூடும் என்பதால், முதலாவதில் இணையம் வராவிட்டால் பதறாமல் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு அவர்களைக் கேளுங்கள்.

ஒக்டோபர் 16, காலை 8.10

பச்சை என்று எழுதியிருக்கிறீர்கள். 280க்கு மேல் வருகிறது. கூரை ஒழுகியதால் காவலாளி ஐயா இருட்டில் பெட்டியைக் கழற்றி உலர்ந்த மூலைக்கு மாற்றி, கையில் தட்டிய முதல் ஓட்டையில் மாட்டியிருக்கிறார். நனைந்திருந்தால் பெட்டியே போயிருக்கும். அவர் செய்தது பெரிய வேலை, முதலாளியிடம் அதையும் சொல்லுங்கள்.

இனி ஒரு வேலை. எல்லாம் நன்றாக ஓடும் இந்த நேரத்தில் இரண்டு பெட்டியையும் முன்னாலும் பின்னாலும் படம் எடுத்து வையுங்கள். அடுத்த தரம் கரண்ட் போய் வந்த பிறகு கையில் இருக்கும் அந்தப் படத்தோடு ஒப்பிட்டால் போதும், எந்த லைட் மாறியது என்று ஒரு நிமிடத்தில் தெரியும். என்னிடம் பராமரிப்பில் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் அப்படி ஒரு படம் என் ஃபோனில் இருக்கிறது. மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒவ்வொரு கேபிளிலும் சுற்றுங்கள், இரண்டு முனையிலும். கொன்சோல் ஓட்டையின் மேலும் ஒரு துண்டு.

ஒக்டோபர் 19, மாலை 5.40

நீங்கள் போட்ட படம் கிடைத்தது. எழுத்துத் தெளிவு. கொன்சோலில் "இதற்குள் வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருப்பது நல்ல யோசனை, நானும் இனி அப்படியே எழுதப் போகிறேன்.

எச்ஏ லைட் அணைந்திருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு பெட்டிதான் இருக்கிறது, அது அணைந்தே இருக்கட்டும். ஆனால் படத்தில் பெட்டியின் மேல் விருந்தினர் பதிவேட்டை வைத்திருக்கிறீர்கள். மேல்பக்கத்து ஓட்டைகள் வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும். அதை எடுத்துவிடுங்கள்.